‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை: கைப்பேசி மின்னேற்ற மென்பொருளின் வரலாறு

கைப்பேசியில் மின்னேற்றுவது, மாடித் தொட்டியில் நீர் நிரப்புவதைப் போன்ற எளிய செயலாக வெளிப்பார்வைக்குத் தோன்றும். தொட்டி நிரம்பி வழிந்தால் தரை நனைவதோடு தீங்கு முடிந்துவிடுகிறது. லித்தியம்-அயனி மின்கலமோ நிரம்பிய பிறகும் தள்ளப்படும் மின்னூட்டத்தை வெளியே வழியவிடுவதில்லை, தன் உடலுக்குள்ளேயே வெப்பமாகவும் வேதிச் சிதைவாகவும் மாற்றிக்கொள்கிறது. எனவே எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகத்தில் செலுத்துவது, எப்போது நிறுத்துவது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு நொடியும் விடை சொல்லும் ஒரு காவல் தேவைப்படுகிறது. அந்தக் காவலின் ஒரு பகுதியை இன்று ஏற்றிருப்பது ‘இயக்கி’ எனப்படும் மென்பொருள். இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்கும் ஒரு குறிப்பிட்ட மின்னணுச் சில்லுக்கும் இடையில் நின்று, கெர்னலின் கட்டளைகளைச் சில்லின் பதிவகங்களில் எழுதியும் சில்லின் நிலையைப் படித்துச் சொல்லியும் வரும் சிறு நிரலே இயக்கி. இந்தப் பொறுப்பு வேதியியலிடமிருந்தும் மின்சுற்றிடமிருந்தும் மென்பொருளின் கைக்கு எவ்வாறு வந்தது என்பதும், வந்தபின் அந்தக் கையை முழுதாக நம்பக்கூடாது என்பதைப் பொறியாளர்கள் எவ்வாறு கண்டுகொண்டார்கள் என்பதும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் நடந்தேறிய கதை.

முந்தைய தலைமுறை மின்கலங்கள் பொறுமை மிக்கவை. 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில மின்கலம் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டால், அதிலுள்ள நீர் வாயுவாகப் பிரிந்து வெளியேறும். காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 1899-இல் சுவீடனின் வால்டெமார் யுங்னர் அமைத்த நிக்கல்-காட்மியம் மின்கலமும் ஓரளவு மிகையேற்றத்தைத் தாங்கும். அது நிரம்பியவுடன் அதன் மின்னழுத்தம் சற்றே இறங்கும் என்பதால், அந்தச் சிறு இறக்கத்தைக் கண்டு நிறுத்துவது ஒரு எளிய மின்சுற்றுக்கே இயலும் வேலையாக இருந்தது. லித்தியத்தின் வருகையோடுதான் இந்தப் பொறுமை முடிவுக்கு வந்தது. 1970-களில் எக்ஸான் நிறுவன ஆய்வகத்தில் ஸ்டான்லி விட்டிங்காமும், 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃபும், 1985-இல் ஜப்பானின் அசாஹி கசேய் நிறுவனத்தில் அகிரா யோஷினோவும் அடுத்தடுத்து எடுத்து வைத்த அடிகளின் பயனாக 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இம்மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் சோனிக்கு முன்பே, லித்தியம் உலோகத்தையே எதிர்மின்வாயாகக் கொண்ட மின்கலங்களைக் கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் விற்றுவந்தது. அவற்றைப் பொருத்திய கைப்பேசிகள் ஜப்பானில் தீப்பற்றியதால் 1989-இல் அவை திரும்பப் பெறப்பட்டன. உலோக லித்தியத்தைக் கைவிட்டு, கரிமப் பொருளுக்குள் லித்தியம் அயனிகள் புகுந்து வெளியேறும் அமைப்பை ஏற்றதே பாதுகாப்பை நோக்கிய முதல் அடி. அது வேதியியலாளர்கள் எடுத்த அடி. மென்பொருளுக்கு அதில் பங்கில்லை.

அந்த வேதியியல் ஒரு கடுமையான ஒழுங்கை விதித்தது. நன்கு இறங்கிப்போன, அதாவது 3 வோல்ட்டுக்கும் கீழே சென்றுவிட்ட மின்கலத்துக்கு முதலில் மிகச் சிறிய மின்னோட்டமே செலுத்தப்பட வேண்டும்; அது மீண்டெழுந்த பின் மாறாத மின்னோட்டத்தில் ஏற்ற வேண்டும்; மின்னழுத்தம் 4.2 வோல்ட்டை எட்டியதும் அதை அங்கேயே பிடித்து நிறுத்தி, மின்னோட்டம் தானாகக் குறைந்து, மின்கலக் கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கு போன்ற ஒரு வரம்புக்குக் கீழே வந்ததும் முற்றிலும் துண்டிக்க வேண்டும். அந்த 4.2 வோல்ட்டிலும் அனுமதிக்கப்பட்ட பிழை வழக்கமாக ஒரு சதவீதமே, அதாவது சுமார் 40 மில்லிவோல்ட். உறைநிலைக்குக் கீழான குளிரில் ஏற்றினால், அயனிகள் எதிர்மின்வாய்க்குள் புக முடியாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். அந்தப் படிவு ஊசிபோல வளர்ந்து, இரு மின்வாய்களையும் பிரித்து வைக்கும் மெல்லிய படலத்தைத் துளைக்கக்கூடும். மிகுந்த வெப்பத்திலோ மின்பகுளி சிதையத் தொடங்கும். ஆக, காவலாளி கவனிக்க வேண்டியவை மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை, காலம் என நான்காயின. நான்கையும் ஒருசேரக் கணக்கிலெடுத்து முடிவெடுப்பது எளிய மின்சுற்றின் ஆற்றலுக்கு மீறிய பணியாக மாறத் தொடங்கியது.

கைப்பேசிகளில் இந்தப் பணி மென்பொருளின் பக்கம் சாய்ந்ததற்கு நோக்கியா 3310 நல்ல எடுத்துக்காட்டு. 2000-இல் வெளிவந்த அந்தக் கைப்பேசிக்கு 900 மில்லிஆம்பியர்-மணி கொண்ட நிக்கல்-உலோக ஹைட்ரைடு மின்கலமும் கிடைத்தது, லித்தியம்-அயனி மின்கலமும் கிடைத்தது. இரண்டும் ஒரே குழியில் பொருந்தின, ஆனால் இரண்டையும் ஏற்றும் முறை வேறு. எந்த மின்கலம் உள்ளே இருக்கிறது என்பதைக் கைப்பேசி எப்படி அறியும்? மின்கலப் பொதிக்குள் வைக்கப்பட்ட ஒரு சிறு மின்தடையின் அளவைக் கொண்டு மின்கலத்தின் வகையை மென்பொருள் அடையாளம் கண்டது. அந்த மின்தடை இணைந்த முனையைக் கைப்பேசி பழுதுபார்ப்போர் இன்றும் ‘பிஎஸ்ஐ’ என்பர்; அது நோக்கியாவின் சுற்று வரைபடங்களிலிருந்து சென்னை ரிச்சி தெருவின் மேசைகள் வரை வந்து சேர்ந்த சொல். ஏற்றும் மின்னோட்டமும் ஓயாத ஓட்டமாக இருக்கவில்லை. ஒரு மின்சுற்றுத் திறப்பை மென்பொருள் திறந்தும் மூடியும் அதன் சராசரியைக் கட்டுப்படுத்தியது. மென்பொருள் குழாயின் கைப்பிடியைப் பிடித்தது இவ்வாறுதான். அந்த மின்தடை ஓர் அடையாளம் மட்டுமே, உண்மைக்கான உறுதி அல்ல என்பதையும் உடன் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சரியான மின்தடையைப் பொருத்தி, உள்ளே பாதுகாப்புச் சுற்றே இல்லாமல் வந்த போலி மின்கலங்களை மென்பொருள் அசலென்றே நம்பியது.

அசல் மின்கலங்களும் தவறக்கூடும் என்பது 2007 ஆகஸ்ட் 14 அன்று தெரியவந்தது. தனது பிஎல்-5சி வகை மின்கலங்களில், 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுஷிதா நிறுவனம் தயாரித்த 4.6 கோடி மின்கலங்கள் ஏற்றும்போது அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும் என்று நோக்கியா எச்சரித்தது. உலகெங்கும் அதுவரை பதிவான நிகழ்வுகள் சுமார் நூறு. மின்கலத்தின் பின்புறம் அச்சிடப்பட்ட 26 எழுத்து அடையாள எண்ணைச் சரிபார்த்து மாற்றித் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியிருந்தது; இந்தியாவில் கைப்பேசி என்ற சொல்லே நோக்கியாவைக் குறித்த அந்நாளில், சேவை மையங்களின் முன் நின்ற வரிசைகளும் ‘என் போன் வெடிக்குமா?’ என்ற கேள்வியும் நாட்டின் செய்தித்தாள்களை நிறைத்தன. கோளாறு மின்கலத்தின் உள்ளே நேரும் குறுக்குச்சுற்றில் இருந்தது. வெளியிலிருந்து அளவுகளைப் படிக்கும் எந்த நிரலும் அதை முன்கூட்டியே கண்டிருக்க முடியாது.

மடிக்கணினி உலகம் இதே சிக்கலை வேறு வழியில் அணுகியிருந்தது. இன்டெல்லும் டியூராசெல்லும் 1990-களின் நடுவில் முன்வைத்த ‘திறன் மின்கலம்’ என்னும் திட்டத்தில், மின்கலப் பொதியே ஒரு சிறு கணிப்பியைச் சுமந்து, தனக்கு எவ்வளவு மின்னோட்டமும் மின்னழுத்தமும் வேண்டும் என்று ஏற்றியிடம் தானே கேட்டுப் பெறும்; இயங்குதளம் வேண்டுமானால் எட்டிப் பார்க்கலாம், முடிவெடுப்பது மின்கலமே. ஆனாலும் 2006-இல் சோனி தயாரித்த மடிக்கணினி மின்கலங்களில் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்ததால், டெல் நிறுவனம் மட்டுமே 41 லட்சம் மின்கலங்களைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அதன் எதிரொலியாக ஜப்பானின் மின்னணுத் தொழில் சங்கமான ஜெய்டா, அந்நாட்டு மின்கலச் சங்கத்துடன் இணைந்து 2007-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. வெப்பநிலையைப் பல பட்டைகளாகப் பிரித்து, நடுப் பட்டையில் முழு அளவிலும், குளிர்ந்த பட்டையிலும் சூடான பட்டையிலும் குறைந்த மின்னோட்டத்திலோ குறைந்த மின்னழுத்தத்திலோ ஏற்றி, இரு ஓரங்களுக்கும் அப்பால் அறவே நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். மடிக்கணினிக்காக எழுதப்பட்ட அந்த அட்டவணை விரைவில் கைப்பேசிச் சில்லுகளுக்குள்ளும் இயக்கிகளுக்குள்ளும் குடியேறியது. இன்று ‘ஜெய்டா’ என்ற பெயர் அச்சங்கத்தைவிட அந்த அட்டவணையையே குறிக்கிறது என்றால் மிகையாகாது.

அதே 2007-ஆம் ஆண்டு லினக்ஸ் கெர்னலின் வரலாற்றிலும் ஒரு திருப்பம். 2000-இல் காம்பாக் நிறுவனத்தின் ஐபேக் கையடக்கக் கணினியில் லினக்ஸை ஓடவைத்த நாள் முதலே, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனி மின்கல நிரல் எழுதப்பட்டுவந்தது. ஒன்று மில்லிவோல்ட்டில் பேசும், மற்றொன்று சதவீதத்தில் பேசும், மூன்றாவது அந்தக் கருவிக்கே உரிய புரியாத எண்ணைத் தரும். இவ்வாறு கையடக்கக் கருவிகளுக்கு லினக்ஸைக் கொண்டுசென்ற குழுக்களில் பலர் எழுதிய நிரல்களையும் டேவிட் வுட்ஹவுஸின் முயற்சியையும் ஒருங்கிணைத்து, அன்டன் வொரொன்ட்சோவ் ‘மின்வழங்கல் வகுப்பு’ எனத்தக்க ஒரு பொதுக் கட்டமைப்பை உருவாக்கினார். அது 2007-இல் முதன்மைக் கெர்னலில் இணைந்தது. எல்லா மின்கலமும் எல்லா ஏற்றியும் இனி ஒரே சொல்வழக்கில் தம் நிலையைச் சொல்ல வேண்டும்: ஏறுகிறது, இறங்குகிறது, ஏறவில்லை, நிறைந்தது, தெரியவில்லை. இவற்றுள் ‘ஏறவில்லை’ என்பது பழைய நோக்கியாத் திரைகளில் பயனரைக் கலங்கடித்த அதே ‘நாட் சார்ஜிங்’ தான். உடல்நலத்துக்கும் தனிப் பட்டியல் உண்டு: நலம், மிகைவெப்பம், இறந்தது, மிகையழுத்தம், குளிர்.

அந்தக் கட்டமைப்பில் எளிதில் கவனிக்கப்படாத ஒரு முடிவு பாதுகாப்பின் கண்ணோட்டத்தில் மிகப் பெரியது. மின் அளவுகள் எல்லாம் மைக்ரோவோல்ட், மைக்ரோஆம்பியர், மைக்ரோஆம்பியர்-மணி என்ற மிகச் சிறிய அலகுகளில் முழு எண்களாகவே தரப்பட வேண்டும் என்பது விதி. கெர்னலுக்குள் தசமப் புள்ளிக் கணக்கைத் தவிர்ப்பது மரபு என்பது ஒரு காரணம்; மற்றொன்று, ஒரு நிரல் மில்லியிலும் இன்னொன்று மைக்ரோவிலும் பேசினால் நேரும் பிழை ஓரிரு சதவீதப் பிழையன்று, ஆயிரம் மடங்குப் பிழை. நிறுத்தல் அளவையில் தவறினால் வணிகனுக்கு நட்டம். மின்கலத்தில் தவறினால் தீ. தொடக்கத்தில் இந்த வகுப்பு படித்துச் சொல்வதற்கே பெரிதும் பயன்பட்டது, எழுதி மாற்றுவதற்கன்று. பயனர் நிரல்கள் ஏற்ற அளவை மாற்ற அனுமதிக்கும் வாயில் சில ஆண்டுகள் கழித்தே திறக்கப்பட்டது, அதுவும் இயக்கி இசைந்த சில பண்புகளுக்கு மட்டும்.

கட்டமைப்பு ஒருபுறமிருக்க, கைப்பேசிக்குள் ஏற்றத்தை மென்பொருளே நடத்தினால் என்னென்ன இடர்ப்பாடுகள் எழும் என்பதை வெளிப்படையாகக் காட்டியவை இரண்டு கருவிகள். முதலாவது, 2007-இல் விற்பனைக்கு வந்த ஓப்பன்மோக்கோவின் நியோ 1973 என்னும் திறந்த மூலக் கைப்பேசி. யூஎஸ்பி விதிப்படி, கணினியோடு பேச்சு நடத்தி அனுமதி பெறும்வரை ஒரு கருவி 100 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது. பேசிய பிறகே 500 கிட்டும். பேச வேண்டுமானால் கைப்பேசி விழித்தெழ வேண்டும், விழித்தெழ 100 மில்லிஆம்பியர் போதாது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற நிலை. நோக்கியாவின் பிஎல்-5சி வடிவ மின்கலத்தை அக்கைப்பேசி ஏற்றுக்கொண்டதால், வெளியே ஏற்றிய மின்கலத்தை இட்டு உயிரூட்டுவது அதன் பயனர்கள் கைக்கொண்ட வழியாயிற்று. இந்த முடிச்சைப் பின்னர் யூஎஸ்பி மின்னேற்ற விதிகளே அவிழ்த்தன: மின்கலம் இறந்த நிலையிலுள்ள கருவி, பேசாமலேயே 45 நிமிடம் வரை 100 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை அவற்றில் இடம்பெற்றது. அந்த 45 நிமிடமும் ஏற்றத்தை நடத்த வேண்டியது மென்பொருள் அன்று, மின்சுற்றே. மென்பொருள் இல்லாதபோதும் ஏற்றம் நடக்க வேண்டும் என்ற கொள்கை இவ்வாறு விதியிலேயே எழுதப்பட்டது.

இரண்டாவது கருவி 2009-இன் இறுதியில் வெளிவந்த நோக்கியா என்900. இதன் இயங்குதளமான மேமோ லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. பெரும்பகுதி திறந்த மூலம். மின்னேற்றம் விதிவிலக்குகளில் ஒன்று. ‘மின்கல மேலாண்மை அமைப்பு’ என்று பொருள்படும் பிஎம்இ என்னும் மூடிய நிரல், கெர்னலுக்கு வெளியே ஒரு சாதாரணப் பணியாளைப்போல ஓடிக்கொண்டு, ஏற்றும் சில்லைத் தன் கைக்குள் வைத்திருந்தது. தீ விபத்து நேர்ந்தால் பொறுப்பேற்க வேண்டியவர் கருவியை விற்றவரே என்ற அச்சம் இத்தகைய முடிவுக்குப் பின்னால் இருந்ததாகக் கொள்ள இடமுண்டு. பிஎல்-5சி நிகழ்வுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அச்சத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆயினும் அதன் விளைவு விந்தையானது. அணைத்து வைக்கப்பட்ட என்900-ஐ மின்னிணைப்பில் செருகினால், ஏற்றத்தை நடத்துவதற்காகவே லினக்ஸ் முழுவதும் விழித்தெழுந்து, திரையில் செத்ததுபோல் பாசாங்கு செய்து கிடக்கும். அந்நிலைக்கு நோக்கியா இட்ட பெயரே ‘இறந்தவன்போல் நடி’ என்பதுதான். பயனர் தம் விருப்பப்படி வேறொரு கெர்னலை ஏற்றினாலோ, பிஎம்இ ஓடாமல் போனாலோ, ஏற்றமும் நின்றுவிடும்.

என்900-இல் இருந்த ஏற்றும் சில்லு டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்த பிக்யூ24150. இதன் விவரத்தாள் பொதுவில் கிடைத்தது என்பது இந்த வரலாற்றில் ஒரு நற்பேறு. அதைக் கொண்டு பாலி ரோஹார் 2011 முதல் 2013 வரை எழுதிச் செப்பனிட்ட இயக்கி முதன்மைக் கெர்னலில் இடம்பெற்றது. அந்தச் சில்லின் உள்ளமைப்பு மென்பொருளைப் பற்றி அதன் வடிவமைப்பாளர்கள் கொண்டிருந்த கருத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. மின்னிணைப்பு கிடைத்தவுடன் சில்லு, யாருடைய கட்டளைக்கும் காத்திராமல், தன் இயல்பான சிறிய அளவுகளில் ஏற்றத் தொடங்கி, பாதுகாப்புக் கடிகாரம் ஒன்றையும் ஓடவிடும். மென்பொருள் விழித்து அதனோடு ஒரு சொல் பேசிவிட்டால் அந்தக் கடிகாரம் விலகி, 32 நொடிக் கடிகாரம் ஒன்று அதன் இடத்தைப் பிடிக்கும். அதன்பின் மென்பொருள் 32 நொடிக்குள் மீண்டும் மீண்டும் சில்லைத் தட்டி ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால், மென்பொருள் இட்ட அளவுகள் அனைத்தையும் சில்லு அழித்துவிட்டுத் தன் இயல்பு அளவுகளுக்கே திரும்பும். ஊர்க்காவலுக்குப் போகும் கூர்க்கா இரவில் மணிக்கொருமுறை தடியைத் தட்டுவதும் இதுவும் ஒன்றே: தட்டும் ஓசை கேட்கும்வரை ஊர் உறங்கலாம். ரோஹாரின் இயக்கி பத்து நொடிக்கு ஒருமுறை தட்டுகிறது. தட்டும்போதே சில்லின் பிழைப் பதிவையும் படித்து, உள்வரும் மின்சாரம் தரமற்றது, மின்கலத்தில் மிகையழுத்தம், சில்லு கொதிக்கிறது, மின்கலமே இல்லை என்ற செய்திகளில் ஒன்று வந்தால் அதற்கேற்ப நடந்துகொள்கிறது.

இதைவிட நுட்பமான ஆபத்து எண்களில் இருக்கிறது. ஏற்றும் சில்லு மின்னோட்டத்தை நேராக அளப்பதில்லை. பாதையில் வைக்கப்பட்ட மிகச் சிறிய மின்தடையின் இரு முனைகளுக்கிடையே எழும் மின்னழுத்தத்தை அளந்து, அதிலிருந்து மின்னோட்டத்தைக் கணிக்கிறது. என்900-இல் அந்த மின்தடை 68 மில்லிஓம். இயக்கிக்குத் தரப்பட்ட ஏற்ற மின்னோட்டம் 650 மில்லிஆம்பியர், நிறுத்தும் மின்னோட்டம் 100 மில்லிஆம்பியர், உச்ச மின்னழுத்தம் 4200 மில்லிவோல்ட். 650 மில்லிஆம்பியர் ஓடும்போது அந்த மின்தடையில் எழும் மின்னழுத்தம் 44 மில்லிவோல்ட்டுக்குச் சற்றே மேல். இதே இயக்கியை 34 மில்லிஓம் மின்தடை கொண்ட வேறொரு பலகையில் ஓடவிட்டு, 68 என்ற எண்ணை மாற்ற மறந்தால், அதே 44 மில்லிவோல்ட் அங்கே 1300 மில்லிஆம்பியரைக் குறிக்கும். திரையோ 650 என்றே காட்டிக்கொண்டிருக்கும். நிரலில் எந்த வரியும் தவறில்லை, எந்தச் சோதனையும் தோற்காது. தவறு பலகைக்கும் எண்ணுக்கும் இடையிலான இடைவெளியில் இருக்கிறது. இத்தகைய எண்களை நிரலுக்குள் புதைத்து வைக்காமல், ஒவ்வொரு பலகையையும் விவரிக்கும் ‘கருவி மரம்’ என்ற தனி விளக்கக் கோப்பில் எழுதும் வழக்கம் பரவியதற்கும், 2017-இல் மின்கலத்தின் கொள்ளளவு, தொடக்கச் சிறு மின்னோட்டம், உச்ச மின்னழுத்தம் ஆகியவற்றை எந்த ஏற்றிச் சில்லையும் சாராமல் விவரிக்கும் பொது முறை ஒன்று கெர்னலில் ஏற்கப்பட்டதற்கும் இதுவே பின்புலம்.

அவ்வாறு எழுதப்பட்ட எண்ணையும் முழுதாக நம்பாத சில்லுகள் உண்டு. இதே குடும்பத்தின் பிற்காலச் சில்லுகள் சிலவற்றில் ஒரு ‘பாதுகாப்பு எல்லை’ப் பதிவகம் வைக்கப்பட்டது. மின்சாரம் கிடைத்ததும் வேறெதையும் எழுதுவதற்கு முன் அதில் உச்ச வரம்பை எழுதிவிட வேண்டும். அதன்பின் அது பூட்டிக்கொள்ளும், பின்னால் எந்த நிரல் என்ன கேட்டாலும் அந்த வரம்பைத் தாண்ட விடாது. இதன் பொருளைச் சற்று நின்று பார்க்கலாம். மின்கலப் பொதிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று, ஏற்றும் சில்லு, இயக்கி, பயனர் நிரல் என்று அடுக்கடுக்காக அமைந்த காவலில், ஒவ்வோர் அடுக்குக்கும் ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை உண்டு. கீழடுக்கு நிறுத்தியதைத் ‘தொடர்’ என்று மாற்றும் உரிமை மேலடுக்கு எதற்கும் இல்லை. கணிப்பொறியின் பிற பகுதிகளில் மேலிருந்து கீழே பாயும் அதிகாரம், மின்னேற்றத்தில் மட்டும் தலைகீழாக ஓடுகிறது.

காவலுக்கு உறக்கமும் ஒரு பகை. கைப்பேசி பெரும்பாலான நேரம் உறங்குகிறது. செயலி நின்றுவிட்டால் இயக்கியும் நின்றுவிடும், ஆனால் ஏற்றம் நிற்பதில்லை. இதற்காகச் சாம்சங் பொறியாளர்கள் எழுதி 2012-இல் கெர்னலில் சேர்ந்த ‘ஏற்ற மேலாளர்’ என்ற பகுதி, கருவி உறங்கும்போதும் கடிகாரச் சில்லில் ஒரு விழிப்பு நேரத்தைக் குறித்துவைத்து, அந்நேரம் வந்ததும் திரையை ஏற்றாமல் பாதி விழித்து, வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் பார்த்துவிட்டு மீண்டும் உறங்கச் செய்தது. அதே காலத்தில் ஏற்றியைக் கெர்னலின் வெப்பக் கட்டுப்பாட்டமைப்பு ஒரு ‘குளிர்விப்பான்’ ஆகக் கருதும் ஏற்பாடும் வந்தது: கைப்பேசி சூடாகும்போது செயலியின் வேகத்தைக் குறைப்பதுபோலவே, ஏற்றும் மின்னோட்டத்தையும் படிப்படியாகக் குறைப்பதே அந்தக் குளிர்விப்பு. வேகமின்னேற்றம் பரவி, யூஎஸ்பி வழியே 5 வோல்ட்டுக்குப் பதில் 9 வோல்ட்டும் 20 வோல்ட்டும் வரத் தொடங்கிய பிறகு, ஏற்றியுடன் பேரம் பேசுவதும் இயக்கிகளின் வேலையாயிற்று. அந்தப் பேரத்தின் விதிகள் பல நூறு பக்கங்களில் விரிகின்றன. அவற்றைப் பேசினால் அது வேறொரு கட்டுரையாகிவிடும்.

பயனரிடமே ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமையைத் தரும் வழக்கம் மடிக்கணினிகளில் முதலில் வேரூன்றியது. நிறைந்த நிலையிலேயே எப்போதும் இருக்கும் மின்கலம் விரைவில் முதுமையடையும் என்பதால், எத்தனை சதவீதத்தில் நிறுத்தலாம் என்று குறிக்கும் வசதியைத் திங்க்பேட் மடிக்கணினிகளுக்கான லினக்ஸ் இயக்கி 2018-இல் பெற்றது. 2019-இல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 13-இல், இரவு முழுதும் செருகிக் கிடக்கும் கைப்பேசியை 80 சதவீதத்தில் நிறுத்தி வைத்து, உரியவர் எழும் நேரத்தை ஒட்டி மிச்சத்தை ஏற்றும் முறையைக் கொண்டுவந்தது.

ஆனால் ‘நிறுத்து’ என்னும் சொல் மிகக் கடுமையாகப் பயன்பட்டது அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு. 2016 ஆகஸ்ட் 19 அன்று விற்பனைக்கு வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7 சில நாள்களிலேயே ஆங்காங்கே தீப்பற்றியதால், செப்டம்பர் 2 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. வேறொரு நிறுவனத்தின் மின்கலத்தோடு வந்த மாற்றுக் கைப்பேசிகளும் எரிந்ததால் அக்டோபரில் அதன் உற்பத்தியே கைவிடப்பட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் இரண்டு லட்சம் கைப்பேசிகளையும் 30,000 மின்கலங்களையும் சோதித்தபின், 2017 ஜனவரி 23 அன்று வெளியான முடிவு மென்பொருளையோ ஏற்றும் சுற்றையோ குற்றம் சாட்டவில்லை. முதல் வகை மின்கலத்தில் மேல் மூலையில் எதிர்மின்வாய் மடங்கி நசுங்கியிருந்தது. இரண்டாம் வகையில் பற்றவைப்பின்போது எழுந்த பிசிறுகள் பிரிப்புப் படலத்தைத் துளைத்தன.

குற்றமற்ற அந்த மென்பொருளிடமே கைப்பேசிகளை மீட்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. திருப்பித் தராமல் வைத்திருந்தோரின் கைப்பேசிகளுக்குத் தொலைவிலிருந்தே ஒரு புதுப்பிப்பு அனுப்பப்பட்டது. தென்கொரியாவில் அது ஏற்றத்தை 60 சதவீதத்தோடு நிறுத்தியது, ஐரோப்பாவில் 60-இல் தொடங்கிப் பின்னர் 30 ஆயிற்று. இறுதியில் 2016 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அறிவிக்கப்பட்ட புதுப்பிப்பு ஏற்றத்தையே முற்றிலும் மறுத்தது. ஓர் உற்பத்தியாளர் தான் விற்ற கருவியின் மின்கலத்தைக் கடல் கடந்து அமர்ந்தபடியே பட்டினி போடுவது அதுவரை பெரிதாகக் காணாத காட்சி.

அப்போது வெரைசான் தொலைதொடர்பு நிறுவனம் அந்தப் புதுப்பிப்பைத் தன் வாடிக்கையாளர்களுக்கு உடனே அனுப்ப மறுத்தது. வேறு கைப்பேசி இல்லாதவர் விடுமுறைப் பயணக் காலத்தில் ஆபத்தில் சிக்கினால் குடும்பத்தினரையோ மீட்புப் பணியினரையோ அழைக்க வழியில்லாமல் போகும் என்பது அதன் வாதம். ஏற்றத்தை நிறுத்துவதே எப்போதும் பாதுகாப்பான செயல் என்று சில்லுகளும் இயக்கிகளும் இருபது ஆண்டுகளாகக் கொண்டிருந்த எடுகோள் இந்த ஒரு மறுப்பில் கேள்விக்குள்ளானது. விடுமுறைக் காலம் முடிந்தபின் 2017 ஜனவரியில் வெரைசானும் அதை அனுப்பியது. அதன் பிறகும் ஆயிரக்கணக்கானோர் புதுப்பிப்பைத் தவிர்த்து அக்கைப்பேசியையே பயன்படுத்திவந்தனர். அவர்களுக்காக அந்நிறுவனம் அறிவித்த ஏற்பாட்டில் மின்கலத்துக்கோ இயக்கிக்கோ எந்தப் பங்கும் இல்லை: அவசர உதவி எண்ணான 911-ஐத் தவிர வேறு எந்த எண்ணை அழைத்தாலும், அழைப்பு நேரே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கே போய்ச் சேரும்.